சன்னலுக்கு வெளியே எறிந்த கொய்யா

புதிதாக நம் பல் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். எழுத்துகள் ஒரே உயரத்தில் நிற்காது. எழுத்துப் பிழையும் இருக்கலாம். போன வருடத்திலிருந்து கண்ணும் மங்கிவிட்டதால் கோட்டைத் தாண்டி எழுதிவிடுகிறேன். வசந்தா சிஸ்டர் தானே பார்த்துத் திருத்தித் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் வேண்டாம் என்பது படித்தால் தெரியும்.

வேலை எப்படிச் செய்வது என்று நான் எழுதப்போவதில்லை. கருவிகளை எப்படிக் கொதிக்க வைப்பது, பஞ்சை எப்படிச் சுருட்டுவது எல்லாம் ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடும். ஈறு கெட ஆரம்பிப்பதை முதலிலேயே கண்டுபிடிப்பது எப்படி, கண்டுபிடித்த பிறகு நாம் எப்படி நடந்துகொள்வது, இந்த இரண்டைத்தான் எழுதுகிறேன். முதலாவது எனக்கு நன்றாக வந்தது. இரண்டாவதில்தான் தவறினேன்.

நான் டாக்டரிடம் சேர்ந்தது அறுபத்தி இரண்டில். அப்போது திருவள்ளூரில் தேரடிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு அறை. நான் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்தில் பிறந்தவன். வலை வீச எனக்கு வரவே இல்லை. தோணியில் நின்றால் கால் நடுங்கும். நாலு பேர் முன்னால் பேசவும் வராது. எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்த்துப் பேச இன்றும் கூச்சம்தான். அதனால் வாயைப் பார்த்துப் பேசுவேன். பல் டாக்டரிடம் அதுவே வேலைக்கு உதவியாகிவிட்டது.

முதல் வருடம் செய்த தவறு ஒன்று. கோயில் மடப்பள்ளியில் சமைக்கும் ஐயங்கார் ஒருவர் வந்தார். எந்நேரமும் வெற்றிலை. வாய் முழுக்கச் சிவப்பு. கூட வந்த அவர் வீட்டம்மா, காலையில் தலையணை உறையில் சிவப்புப் பொட்டு இருக்கிறது என்று என்னிடம் சொன்னார். வெற்றிலைச் சாறுதான் என்று நினைத்து நான் டாக்டரிடம் சொல்லவே இல்லை. ஐயங்காரின் வாயைத் திறந்து பார்த்ததும் டாக்டருக்குத் தெரிந்துவிட்டது. ஈறு எல்லாம் பொதபொதவென்று இருந்தது.

அவர்கள் போன பிறகு டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "ஏம்பா, வெத்தல போட்டா நாக்கு சிவக்கும். தலகாணி எப்படிப்பா சிவக்கும்?"

நான் தரையைப் பார்த்தேன்.

"திட்டலப்பா. வெத்தலையும் சிவப்பு, ரத்தமும் சிவப்பு. நம்ம ஜனங்க செகப்புப் பல்பொடி வேற போட்டுத் தேய்க்கறாங்க. வாயில ரத்தம் வந்தாலும் அவங்களுக்கே தெரியாது. அதை எப்படிப் பிரிச்சுப் பாக்கறது? யோசி."

ஒரு வாரம் யோசித்தேன். வாசலில் கொய்யாப்பழம் விற்பவர் உட்கார்ந்திருப்பார். அறுத்து வைத்திருக்கும் பழத்தின் வெள்ளைச் சதை கண்ணில் பட்டது. அடுத்து வந்த வெற்றிலைக்காரரை இரண்டு தடவை நன்றாக வாய் கொப்பளிக்கச் சொன்னேன். துண்டு கொய்யாவைக் கையில் கொடுத்துக் கடித்துக் காட்டச் சொன்னேன். கடித்த இடத்தில் நூல் மாதிரி ஒரு சிவப்புக் கோடு இருந்தது. வெற்றிலைச் சாறு என்றால் பரவலாகத் திட்டாக இருக்கும். ரத்தம் என்றால் பல்லும் ஈறும் சேரும் இடத்தில் கோடாக வரும்.

டாக்டர் அந்தத் துண்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் தோளில் தட்டினார். என் அப்பா கூட என்னை அப்படித் தட்டியதில்லை. அன்றிலிருந்து பத்து வருடம், சந்தேகம் வந்தால் டாக்டர் சொல்வது ஒன்றுதான். "கொய்யா குடுத்துப் பாருப்பா." டார்ச் என் கையில் இருக்கும். டாக்டருக்கு இடது பக்கம் என் இடம். நோயாளிகள் என்னைக் கம்பவுண்டர் என்பார்கள். நான் கம்பவுண்டர் இல்லை, இருந்தாலும் மறுத்ததில்லை.

அந்தப் பத்து வருடத்தில் கற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புத்தகத்தில் நல்ல ஈறு ரோஜா நிறம் என்று போட்டிருக்கிறது. நம் ஜனங்களில் பலருக்குப் பிறவியிலேயே ஈறு கருப்பாகவோ திட்டுத்திட்டாகவோ இருக்கும். நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவீர்கள். வடிவத்தைப் பாருங்கள். இரண்டு பல்லுக்கு நடுவில் இருக்கும் ஈறு கூராக, நெல் முனை மாதிரி இருக்க வேண்டும். அது ஊறின பயறு மாதிரி உருண்டு, பளபளவென்று மின்னினால் ஏதோ ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். பக்கத்தில் குனியும்போது வரும் வாடையையும் கவனியுங்கள். பீடி பிடிப்பவருக்கு ரத்தம் குறைவாகத்தான் வரும். அதைப் பார்த்து நல்ல ஈறு என்று விட்டுவிடாதீர்கள். எல்லாவற்றையும் விட முக்கியம், ஆரம்பத்தில் வலிக்காது. வலி இல்லாததால்தான் ஒருவரும் வருவதில்லை. வலிக்கும்போது வந்தால் பாதி நேரம் பிடுங்குவதைத் தவிர வழி இருக்காது.

இனி வசந்தா சிஸ்டர்.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் வர ஆரம்பித்ததும் டாக்டர் புதுவாயல் கூட்டு ரோட்டில், டீக்கடைக்குப் பின்னால் ஓர் அறை எடுத்தார். செவ்வாயும் வெள்ளியும் அங்கே போவோம். கூட்டம் அதிகமானதால் மெட்ராஸிலிருந்து ஒரு பெண்ணை வேலைக்கு வைத்தார். பல் சுத்தம் செய்யும் படிப்பு என்றே தனியாக ஒன்று இருக்கிறதாம், அதைப் படித்துச் சான்றிதழ் வாங்கியவர். வயது இருபத்தி மூன்று இருக்கும். வேகமாக நடப்பார். யாராக இருந்தாலும் கண்ணைப் பார்த்துப் பேசுவார். வந்த முதல் நாளே என்னை அண்ணே என்று கூப்பிட்டார்.

அவரிடம் மெல்லிய கம்பி ஒன்று இருந்தது. நுனியில் கோடு கோடாக அளவு போட்டிருக்கும். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் மெதுவாக விட்டு, எத்தனை கோடு உள்ளே போகிறது என்று பார்ப்பார். இரண்டு கோடு என்றால் நல்லது. நாலு, ஐந்து என்றால் ஈறு பல்லை விட்டு விலகிவிட்டது. நான் பத்து வருடம் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதை அந்தப் பெண் எண்ணாகச் சொல்லிவிடுவார். டாக்டருக்கு எண் பிடித்துவிட்டது. ஒரு மாதத்துக்குள் டார்ச் அவர் கைக்குப் போயிற்று. இடது பக்க இடமும் போயிற்று. நான் கதவுப் பக்கம் நின்றேன். கொய்யா வாங்கிக்கொண்டு போவேன். சாயங்காலம் அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு வருவேன். நோயாளிகள் அவரை டாக்டரம்மா என்றார்கள். என்னை ஏம்பா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

எனக்கு வயிறு எரிந்தது. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் எழுதாவிட்டால் மீதி எதுவும் புரியாது. அவர் என்னை மரியாதையாக நடத்தியது இன்னும் மோசமாக இருந்தது. அவர் நல்லவராக இல்லாமல் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அப்போதுதான் கன்னியப்பன் வந்தார். நாற்பது வயது. ஏரியில் வீச்சு வலை போடுபவர். எங்கள் குப்பத்துக்கு அடுத்த குப்பம். வீச்சு வலை போடுவதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். வலையின் ஒரு பகுதி தோளில், ஒரு பகுதி கையில், ஈயக்குண்டு கோத்த ஓரக் கயிறு முன்பல்லில். உடம்பைத் திருப்பி வீசும் அதே நொடியில் பல்லை விட வேண்டும். அப்போதுதான் வலை வட்டமாக விரிந்து விழும். வலைக்காரனுக்கு முன்பல்தான் மூன்றாவது கை.

உள்ளே வந்ததும் என்னைப் பார்த்தார். "இன்னா நைனா, நீ நம்ம ஏரி ஆளு தான? மூஞ்சப் பாத்தாலே தெரியுதே! இங்க இன்னா பண்ணிக்கினு கீற?"

அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

வசந்தா சிஸ்டர் அவரை நாற்காலியில் உட்கார வைத்தார். "எத்தனை நாளா ரத்தம் வருது?"

"அத்த போயி இன்னாத்துக்குக் கேக்கறீங்கோ டாக்டரம்மா? தெனம் கவுறு கடிக்கறோம், வருது. எங்க ஆளுங்க எல்லாருக்கும் வரும்."

"வலி இருக்கா?"

"வலிச்சாத்தான் நானே வந்துருப்பனே. எங்க ஊட்டுல தேசம்மா பண்ற பேஜாரு தாங்கல. வாய் நாறுதுன்னு பாயத் தனியாப் போட்டுக்கினா."

காத்திருந்த கம்பெனி ஆட்கள் சிரித்தார்கள். சிஸ்டரும் சிரித்துக்கொண்டே கம்பியை எடுத்தார். முன்பல்லில் வைத்தார், ரத்தம் வந்தது. கடைவாய்ப் பல்லில் வைத்தார், அங்கேயும் வந்தது.

"ஐயோ!" என்று கன்னியப்பன் கத்தினார். "ஊசியால குத்தினா ரத்தம் வராம, பாலா வரும்?"

இப்போது அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த மாதத்தில் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

"குத்தலங்க, சும்மா தொட்டுத்தான் பாக்கறேன். நல்ல ஈறா இருந்தா இப்படித் தொட்டா வராது." சிஸ்டர் வேறொரு கம்பியை எடுத்து, கண்ணாடியைப் பார்த்தபடி தன் ஈறிலேயே வைத்துக் காட்டினார். ஒரு சொட்டு வரவில்லை.

"அது மெட்ராஸ் எகுறு. நம்பளது உப்புத் தண்ணி எகுறு," என்றார் கன்னியப்பன்.

டாக்டர் அந்தப் பக்கம் ஒருவருக்குப் பல் பிடுங்கிக்கொண்டிருந்தார். சிஸ்டர் சொன்னார். "சார், இவருக்கு ஆரம்பிச்சிருக்கு. பின்னாடி நாலு கோடு போவுது. இப்பவே நாலு தடவை வரச்சொல்லிச் சுத்தம் பண்ணிட்டா முன்பல்லைக் காப்பாத்திடலாம்."

டாக்டர் திரும்பாமலே சொன்னார். "ஏம்பா, நீ அந்தப் பக்கத்து ஆளு. கவுறு கடிச்ச புண்ணு எப்படி இருக்கும்னு உனக்குத்தான் தெரியும். கொய்யா குடுத்துப் பாரு."

எட்டு மாதத்துக்குப் பிறகு அந்த வார்த்தை. என் கை பரபரத்தது. கன்னியப்பனைப் பின்பக்கச் சன்னலுக்கு அழைத்துப் போனேன். கொப்பளிக்கச் சொன்னேன். முன்பல்லால் கடித்தார். சிவப்புக் கோடு. சரி, கயிற்றுப் புண் என்றாலும் அது வரும். இன்னொரு துண்டைக் கொடுத்துக் கடைவாயால் கடிக்கச் சொன்னேன். கயிறு கடைவாய்க்குப் போவதில்லை. அங்கே ரத்தம் வந்தால் கயிறு காரணம் இல்லை.

துண்டை வாங்கிப் பார்த்தேன். வெள்ளைச் சதையில் இரண்டு பக்கமும் கோடு. முன்பல்லில் வந்ததை விடத் தடிப்பாக.

நான் அதைக் கண்டுபிடித்துவிட்டேன், தம்பிகளே. அந்தப் பெண் சொன்னது சரி என்று அந்த அறையில் நிச்சயமாகத் தெரிந்த இரண்டாவது ஆள் நான். டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினால், "கொய்யாவும் அந்தம்மா சொன்னதையே சொல்லுது" என்பார். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையைக் கேட்க எனக்கு மனம் இல்லை.

சன்னலுக்கு வெளியே டீக்கடைக்காரரின் ஆடு நின்றிருந்தது. துண்டை வெளியே எறிந்தேன். ஆடு ஒரே வாயில் மென்றுவிட்டது.

முன்பல்லில் கடித்த துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். "முன்னாடி மட்டும்தான் சார். கவுத்துப் புண்ணுதான்."

"சார், நான் பின்னாடி பாத்தேனே..." என்றார் சிஸ்டர்.

"கம்பி கொஞ்சம் அழுத்தமாப் பட்டிருக்கும்மா. கொய்யா பொய் சொல்லாது," என்றார் டாக்டர். "மருந்து தடவி அனுப்பு. ஒரு மாசம் கழிச்சு வரட்டும், பாப்போம்."

வாசலில் கன்னியப்பன் என்னிடம் தனியாகக் கேட்டார். "டாக்டரம்மா நாலு தபா வரணும்னுச்சே நைனா. நாலு நாளு ஏரிக்குப் போவலன்னா ஊட்டுல அடுப்பு எரியாது. டாக்டரு ஒரு மாசம்னாரு. வரணுமா, வேணாமா? நீ சொல்லு."

"புண்ணு ஆறிட்டா வர வேணாம்," என்றேன்.

துண்டை எறிந்தது ஒரு நொடி வேலை, கை முந்திவிட்டது என்றாவது சொல்லலாம். இதை நான் நிதானமாக, அவர் வாயைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் டாக்டர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். கொய்யாவைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். சிஸ்டர் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். பெரியபாளையம் தாண்டும் வரை எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதற்குப் பிறகு இல்லை.

ஒன்றரை வருடம் போயிற்று. கன்னியப்பன் வரவில்லை. நான் கேட்கவும் இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை புதுவாயலில் இறங்கி நடக்கும்போது, கருவாட்டுக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் என்னைக் கூப்பிட்டார்.

"யோவ், நீதான பல்லு ஆஸ்பத்திரில கொய்யாக்கா குடுக்கற ஆளு? நான் கன்னியப்பன் பொஞ்சாதி."

தேசம்மா. நின்றேன்.

"இப்போ குடேன் பாப்போம் கொய்யாக்கா. கடிக்கறதுக்கு அதுக்குப் பல்லு எங்க கீது? மேல் பல்லு ஒண்ணு வலையோட ஏரில போயிடுச்சு. பக்கத்துப் பல்லு ஆடுது. துணி சுத்திக் கடிச்சுப் பாத்துது, வலை விரியல. இப்போ என் தம்பி தோணில கழி குத்திக்கினு கீது. அதுவும் அவன் கூப்ட்டாத்தான். மத்த நாள்ல கம்பெனி கேட்டாண்ட போயி கூலிக்கு நிக்குது. ஏரில அது மாதிரி வலை போடறவன் எவன் இருந்தான்?"

"ஏன் ஆஸ்பத்திரிக்கு வரல?" என்று கேட்டேன்.

"நீதான வேணாம்னு சொன்ன? 'நம்ப ஏரி ஆளு சொல்லிக்கீது, அந்த மெட்ராஸ் பொண்ணுக்கு இன்னா தெரியும்'னு குப்பம் பூரா சொல்லிக்கினு இருந்துச்சு."

உடனே ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. அந்தச் செவ்வாய் சொல்லவில்லை, வெள்ளியும் சொல்லவில்லை. கன்னியப்பனை அழைத்து வந்தால் சிஸ்டர் கம்பியை எடுப்பார், எண் சொல்வார், டாக்டர் அன்றைக்கு நடந்ததைக் கேட்பார். அதை நினைத்தே இரண்டு தடவை வாயை மூடிக்கொண்டேன். அதற்குள் ஆடிக்கொண்டிருந்த அந்தப் பல் விழுந்துவிடலாம் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பொன்னேரி பஸ் பிடித்து, படகில் ஏரியைக் கடந்து குப்பத்துக்குப் போனேன். கன்னியப்பன் மணலில் உட்கார்ந்து வேறு யாருடைய வலையையோ தைத்துக்கொண்டிருந்தார். உதட்டை மூடியே பேசினார்.

"இன்னா நைனா, பல்லப் பொறுக்க வந்தியா? ஏரில தான் கீது, தேடு."

"செவ்வாய்க்கிழமை வா. மீதிப் பல்லக் காப்பாத்தலாம்."

"நாலு தபா வரணுமா?"

"அதுக்கு மேலயே வரணும்."

சிரித்தார். பல் போன இடத்தை நான் அப்போதுதான் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை வந்துவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்தார். டாக்டர் கண்ணாடியை அவர் வாய்க்குள் வைத்துப் பார்த்து, "இது கவுத்துப் புண்ணு இல்லியே. அன்னிக்குக் கொய்யாவுல..." என்று ஆரம்பித்தார்.

நான் கதவுப் பக்கத்திலிருந்து இரண்டு அடி முன்னால் வந்தேன். நாலு பேர் முன்னால் நான் சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. "சார், அன்னிக்குக் கடைவாய்லயும் ரத்தம் இருந்துச்சு. நான் பாத்தேன். அந்தத் துண்ட ஆட்டுக்குப் போட்டுட்டேன். சிஸ்டர் சொன்னது சரின்னு ஆயிடும்னு போட்டுட்டேன்."

டாக்டர் கண்ணாடியை வெளியே எடுத்தார். கன்னியப்பன்தான் முதலில் பேசினார். "அப்போ கவுறு இல்லியா?"

"இல்ல."

"உனக்கு அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்."

அவர் கிண்ணத்தில் துப்பினார். துப்பியதன் நிறத்தைப் பார்த்தார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்து, சிஸ்டர் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார்.

சிஸ்டர் கம்பியை எடுத்தார். "என் மேல கோவம்னா என்னத் திட்டியிருக்கலாம்ண்ணே," என்றார். "அவரு பல்லு உங்கள இன்னா பண்ணுச்சு?"



டாக்டர் என்னை வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்து என் கையில் கொடுத்தார். "இனிமே அந்தம்மா எண் சொல்லும். நீ எழுது. ஒரு பல்லு விடாம எழுது."

மூணு, நாலு, ஆறு, அஞ்சு. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒவ்வொரு எண்ணும் முகத்தில் தண்ணீர் அடிப்பது போல இருந்தது. இரண்டாக இருந்திருக்க வேண்டியவை, நான் வேண்டாம் என்று சொன்னதால் ஐந்தாகவும் ஆறாகவும் ஆனவை. ஏழு தடவை வந்தார் கன்னியப்பன். சிஸ்டர் பல்லில் படிந்திருந்த காரையை எல்லாம் எடுத்தார். ஆடிய பல்லை டாக்டர் பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பியால் கட்டினார். பல் நின்றது. ஆனால் அதில் இனி வலையைக் கடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

"அப்போ பல்லு கீறதும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதான்," என்றார் கன்னியப்பன். "சோறு துன்றதுக்கா நாலு பஸ்ஸு மாறி வந்தேன்?"

சிஸ்டருக்கு வலையைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதனால்தான் அப்படி ஒரு கேள்வி கேட்டார். "முன்னாடிதான் கடிக்கணுமா? ஓரத்துல கடிச்சா வலை போவாதா?"

கன்னியப்பன் அவரை ஒரு மாதிரி பார்த்தார். ஏரியில் யாரும் அப்படிக் கடித்ததில்லை. நானும் கேள்விப்பட்டதில்லை. சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். "அண்ணே, நோட்டப் பாருங்க. எல்லாத்தையும் விடக் கம்மியா எங்க இருக்கு?"

பார்த்தேன். இடது பக்கம் மேலே, கோரைப்பல்லும் அதற்கு அடுத்த இரண்டும். இரண்டு, இரண்டு, இரண்டு. கீழேயும் அதே இடத்தில் இரண்டு. என் கோணல் எழுத்தில் அந்த இடம் மட்டும் நேராக இருப்பது போலத் தெரிந்தது. "இடது ஓரம் கெட்டியா இருக்கும்மா," என்றேன். அந்தப் பெண்ணிடம் நான் மறைக்காமல் சொன்ன முதல் விஷயம் அது.

அடுத்த தடவை கன்னியப்பன் வலையோடு வந்தார். டீக்கடைக்குப் பின்னால் காலியிடத்தில் வலையின் ஓரத்தை இடது ஓரப் பற்களால் கடித்து, கழுத்தைத் திருப்பி வீசிப் பார்த்தார். வலை அவிழ்ந்த லுங்கி மாதிரி காலடியிலேயே விழுந்தது. கம்பெனி ஆட்கள் கை தட்டிச் சிரித்தார்கள். ஆடு பயந்து ஓடியது. மறுபடி வீசினார். மறுபடி லுங்கி. சிஸ்டர் சிரிக்கவில்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாறு மாதம் கழித்து தேசம்மா சொல்லித்தான் தெரியும். கன்னியப்பன் மறுபடி ஏரியில் இறங்கிவிட்டார். முன்பு போல இல்லை. "முன்னெல்லாம் நெலா மாதிரி விழும். இப்போ பாதி நெலா," என்றாராம். பாதி நிலாவில் அகப்படும் மீனில் அடுப்பு எரிகிறது. கம்பெனி கேட்டில் இப்போது நிற்பதில்லை.

அதற்குப் பிறகு நானும் சிஸ்டரும் மூன்று வருடம் சேர்ந்து வேலை செய்தோம். அவர் எண் சொல்வார், நான் எழுதுவேன். கம்பியைப் பார்த்துப் பயப்படுபவர்கள் வந்தால், "அண்ணே, உங்க கொய்யாவக் குடுங்க," என்பார். நான் கொடுப்பேன். அப்போதும் வயிறு எரியும். என் கொய்யாவை அவர் அனுமதி கொடுத்து நான் கொடுப்பதா என்று எரியும். பொறாமை ஒரு நாளில் போய்விடும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் அன்றிலிருந்து கொய்யாவில் என்ன தெரிந்தாலும் முதலில் அவரிடம் காட்டிவிடுவேன். சன்னலைச் சாத்தியே வைத்திருப்பேன்.

போன வருடம் என் கண்ணில் திரை விழ ஆரம்பித்தது. கூரான ஈறும் உருண்ட ஈறும் ஒன்றாகத் தெரிந்தன. பார்க்க முடியாதவன் பார்ப்பது போல நிற்கக் கூடாது என்று நானே போய் டாக்டரிடம் சொல்லி வேலையை விட்டேன். என் இடத்தில்தான் இப்போது நீங்கள் நிற்கிறீர்கள். உங்களில் ஒருவருக்கு எண் நன்றாக வரும், இன்னொருவருக்குக் கண் நன்றாக இருக்கும். டாக்டர் ஒருவரை அதிகமாகக் கூப்பிடுவார். மற்றவருக்கு எரியும்.

எரியட்டும். அதைத் தடுக்க எனக்கு வழி தெரியாது. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு வலிக்காது, அவராக ஒன்றும் சொல்ல மாட்டார். நீங்கள் கண்டதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுப் போய்க் கதவுப் பக்கம் நின்று எரியுங்கள்.

இந்தப் பொங்கலுக்கும் கன்னியப்பன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். வருடா வருடம் ஈறைக் காட்டிவிட்டுப் போவார், கூடவே ஒரு கூடை மடவை மீன் கொண்டுவருவார். பொங்கல் சமயம் என்று நானும் அங்கே போயிருந்தேன். அந்தச் செவ்வாய்க்குப் பிறகு அவர் என்னை நைனா என்று கூப்பிட்டதே இல்லை. கூடையை சிஸ்டர் கையில் கொடுத்தார். "டாக்டரம்மா, பெரிய மீனா பாத்து எடுத்தாந்தேன். துன்னுட்டு பல்லு தேயுங்கோ," என்று சிரித்தார். சிரிக்கும்போது அந்த இடைவெளி தெரிந்தது. பக்கத்தில் கம்பி கட்டின பல் அப்படியே நின்றிருந்தது.

பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏம்பா, மீன எடுத்துக்கினு கூடையக் கழுவிக் குடு."

கழுவிக் கொடுத்தேன்.

திருவள்ளூர்,
1979 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை.